அப்பாவின் ஃபோனில் மட்டும் முதலிடம்

அன்புக் கண்ணா,

நீயும் மருமகளும் உடம்பு, மனசு இரண்டிலும் சுகமாக இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவும் நன்றாக இருக்கிறார் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் அப்படி எழுதிவிட்டால் மேற்கொண்டு எழுத ஒன்றும் இருக்காது, அதனால் அவரைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன். இந்தக் காலத்தில் அம்மா எதற்குக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். பதறாதே, எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். என் ஃபோன் என்னிடம் இல்லை, விஷயம் அதுதான். ஒரு நம்பர் பிஸியாக இருந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று நம் கடைக்கு நீ போட்டுக் கொடுத்த இணையப் பக்கத்தில் என் நம்பரையும் போட்டாய் அல்லவா, அன்றிலிருந்து அது அப்பாவின் சட்டைப்பையில்தான் குடியிருக்கிறது. இடது பையில் அவருடையது, வலது பையில் என்னுடையது. நீ எனக்கு அனுப்புகிற செய்தியையும் அவர்தான் முதலில் படித்துவிட்டு, 'ஒம் புள்ள சாப்டியான்னு கேக்கறான், சாப்டேன்னு போட்டுட்டேன்' என்று தகவல் சொல்வார். யாரிடமாவது ஃபோன் வாங்கிப் பேசியிருக்கலாமே என்பாய். பேசிப் பார்த்தேன், தெரியாத நம்பர் என்று நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அடுத்தவர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. நீயும் 'சரிம்மா, சரிம்மா, நான் பாத்துக்கறேன்' என்று வைத்துவிடுவாய்.

நம் கர்ட்டன் கடையின் பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த அறைதான், ஆனால் இப்போது வந்தால் அடையாளம் தெரியாது. லைனிங் துணிச் சுருள்களைச் சுவரோரமாக நிமிர்த்தி நிமிர்த்தி வைத்து, இருந்த ஒரு ஜன்னலையும் மறைத்துவிட்டார். ஊரில் இருக்கிற ஜன்னலுக்கெல்லாம் அளவெடுக்கிற மனிதர் தன் ஜன்னலை அடைத்துவைத்திருக்கிறார், பட்டப்பகலில் குழல்விளக்கு எரிகிறது, புதுத் துணியின் கஞ்சி வாடையில் எனக்கு மூச்சு முட்டுகிறது. தையல்காரர், நீ வாயில்லாப்பூச்சி என்று பெயர் வைத்தாயே, அவர் பக்கத்தில் மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறார். மெஷின் சத்தம் கேட்கிறவரை அப்பா உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார், நின்றுவிட்டால் என்ன ஆச்சு என்று வந்து நிற்பார். எனக்காக அந்த மனிதர் தைத்த மடிப்பையே மறுபடியும் தைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

முன்பெல்லாம் மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்துவிட்டுப் போவார், ஞாயிற்றுக்கிழமை கடையே கிடையாது. அதெல்லாம் அந்தக் காலம். நீ இணையதளம் போட்டுக் கொடுத்ததிலிருந்து நீ சொன்னதெல்லாம் அவருக்கு வேதவாக்கு. நீ சாதாரணமாகத்தான் சொன்னாய், கடை திறந்திருக்கும் நேரத்தைச் சரியாகப் போடுங்கள், மூடியிருக்கிறது என்று காட்டினால் தேடி வருகிறவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்று. அவர் அதற்குக் கடையை மூடவே கூடாது என்று பொருள் பண்ணிக்கொண்டார். ஜனங்கள் நெட்டில் தேடுகிற வார்த்தை நம் இணையப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாய். அதற்கு அவர் எழுதிய முதல் குறிப்பு ஞாபகம் இருக்கிறதா, 'எங்கள் கர்ட்டன் கடையின் கர்ட்டன்கள் கர்ட்டன் உலகில் தலைசிறந்த கர்ட்டன்கள்' என்று, விக்கல் எடுத்தவன் பேசுகிற மாதிரி. நீ சிரித்துவிட்டு, 'படிக்கறது மனுஷங்கப்பா, அவங்களுக்கு என்ன சந்தேகம் வருமோ அதுக்கு பதில் எழுதுங்க' என்றாய். அன்று பிடித்துக்கொண்டவர்தான். மேற்கு வெயில் அடிக்கிற ஜன்னலுக்கு எந்தத் துணி, முதல் சலவையில் எவ்வளவு சுருங்கும், குழந்தை இருக்கிற வீட்டில் கயிறு தொங்கலாமா என்று எழுதித் தள்ளுகிறார். நன்றாகவும் எழுதுகிறார். இவ்வளவு வார்த்தையை இந்த மனிதர் எங்கே வைத்திருந்தார் என்று எனக்கே ஆச்சரியம், இத்தனை வருஷத்தில் என்னிடம் அதில் பாதி பேசியிருப்பாரா என்பது சந்தேகம். வாங்கினவர்களிடம் நெட்டில் நட்சத்திரம் போடச் சொல்லி வாங்குகிற கதை தனி. ராடு மாட்டி முடித்ததும் ஏணியை விட்டு இறங்காமல், 'மனசுல பட்டத போடுங்கம்மா' என்று மேலிருந்து பார்த்துக்கொண்டே நிற்பார். தலைக்கு மேல் ஒருவர் சுத்தியலோடு நிற்கும்போது மனசில் பட்டதைப் போட யாருக்குத் தைரியம் வரும். அப்படியும் ஒரு அம்மாள் ஐந்துக்கு மூன்றுதான் போட்டாள், அன்றைக்கு இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை, இரண்டு ஃபோனிலும் கர்ட்டன் கடை என்று போட்டுத் தேடுவது. நம் கடை முதலில் வரும். அதைத் தொட்டு உள்ளே போய் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு வருவார், ஆள் நடமாட்டம் இருந்தால்தான் இடம் களைகட்டும் என்பார். மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், தூங்கப் போகும் முன் ஒரு தரம். கடைக்குள் காலெடுத்து வைக்கிறவரிடம் எல்லாம், 'நெட்டுல பாத்துட்டு வந்தீங்களா' என்பதுதான் முதல் விசாரிப்பு. அவர்கள் 'இல்லைங்க, எங்க அத்தை சொன்னாங்க' என்பார்கள். 'அப்ப உங்க அத்தை நெட்டுல பாத்திருப்பாங்க' என்பார். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதும் அவர் ஆரம்பிக்கிற வார்த்தை உனக்கே தெரியும், 'மொத எடம்தான்டா, அசையல!'

இப்போது அவர் உடம்பைப் பற்றி. உனக்குச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு, மீறுகிறேன். அடிவயிற்றில், தொடை சேருகிற இடத்தில் ஒரு வீக்கம். இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். வாயுத்தொல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நான் இழுத்துக்கொண்டு போய்க் காட்டியதில் குடலிறக்கம் என்றார்கள். டாக்டரம்மா படம் போட்டே விளக்கினாள், சின்ன ஆபரேஷன்தான், ஆனால் தள்ளிப்போடக் கூடாது, குடல் வெளியே வந்து அப்படியே மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதமாவது கனம் தூக்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது. இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, 'சீசன் முடியட்டும் பாக்கலாம்' என்றார். கர்ட்டனுக்கு என்ன சீசன் கண்ணா. நானும் தையல்காரரும் கடையைத் திறந்து வைக்கிறோம், நீங்கள் வீட்டில் படுங்கள் என்றேன். 'அளவெடுக்க யாரு போவா, போட்டோ எடுத்து யாரு போடுவா, கேக்கறவங்களுக்கு ஒடனே பதில் யாரு எழுதுவா, ஒரு மாசம் விட்டா கீழ எறங்கிடுவோம், அப்பறம் ஏறவே முடியாது' என்றார். நான் எழுதுகிறேனே என்றதற்கு, உன் எழுத்துப் பிழையைப் பார்த்தால் இருக்கிற நட்சத்திரமும் உதிர்ந்துவிடும் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், பெல்ட்டை இறுக்கிக்கொண்டு ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போயும்விட்டார்.

ஸ்கேன் எடுக்கப் போன அன்றுதான் அந்த வினை. அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், நான் வரவேற்பில் உட்கார்ந்திருந்தேன். அங்கே வேலை பார்க்கிற பெண் புது வீட்டுக்கு மாறியிருக்கிறாளாம், எதிர்வீட்டுக்குத் தெரியாமல் இருக்க ஜன்னலில் போர்வையைக் கட்டி வைத்திருக்கிறாளாம். என் வாய் சும்மா இருக்குமா. 'நெட்டுல கர்ட்டன் கடைன்னு போடும்மா, மொதல்ல வர்றது எங்களதுதான்' என்றேன் பெருமையாக. போட்டாள். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய ஷோரூம் வந்தது, அதற்குக் கீழே இன்னொன்று, அப்புறம் வீட்டுக்கே அனுப்புகிற கம்பெனிகள். அவள் விரலால் தள்ளிக்கொண்டே போனாள், அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், நம் கடையைக் காணவே காணோம். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கே பாவமாகிவிட்டது. 'நீங்க தெனமும் உங்க கடையவே தேடித் தேடித் தொட்டா, உங்க ஃபோன் உங்களுக்கு அதத்தான் ஆன்ட்டி மொதல்ல காட்டும், மத்தவங்களுக்கு அப்படி வராது. உண்மையா எந்த எடம்னு சைட்ட பாத்துக்கறவங்களுக்குத் தனியா தெரியும்' என்றாள். அந்த நேரம் பார்த்து அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். நான் அவளைப் பார்த்த பார்வையில் அவள் புரிந்துகொண்டாள். 'உங்க கடைதான் அங்கிள் ஃபர்ஸ்ட்டு வருது' என்றாள். அப்பா 'அப்படியா' என்றார், அவ்வளவுதான், விசிட்டிங் கார்டுகூடக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு உன் அம்மாவுக்கு ஊரார் ஃபோனை வாங்குவதே பிழைப்பாகிவிட்டது. மருந்துக்கடையில், பஸ்ஸில், பாங்க் வரிசையில், என் ஃபோனில் சார்ஜ் இல்லை, ஒரு நிமிடம் கொடுங்கள் என்று வாங்கி வாங்கிப் போட்டுப் பார்த்தேன். எங்கேயாவது ஒன்றிலாவது வந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. எதிலும் வரவில்லை. பக்கத்துத் தெருவில் நிற்கும்போது மட்டும் ஒருவர் ஃபோனில் கீழே எங்கேயோ தலைகாட்டியது, எனக்கு அந்த மனிதரைக் கும்பிடலாம் போல இருந்தது. இதை யாரிடம் சொல்வேன். சொன்னால் அவர் உடைந்துபோவார், சொல்லாவிட்டால் ஏணியை விட்டு இறங்க மாட்டார். காலையில் அவர் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டி 'பாத்தியா' என்கிறபோது 'பாத்தேன், பாத்தேன்' என்கிறேன், எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தொண்டையில் வைத்துக்கொண்டு இந்தத் துணிமூட்டைகளுக்கு நடுவே பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். என் தங்கை ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போ என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், எப்படிப் போவேன், நான் இல்லாத நேரத்தில் அவர் விழுந்தால் வாயில்லாப்பூச்சி யாரைக் கூப்பிடுவார். நீ ஒன்று இதை உண்மையாகவே முதலிடத்துக்குக் கொண்டுவா, இல்லாவிட்டால் நீயே அவரிடம் பக்குவமாகச் சொல் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

இதுவரை எழுதியது நேற்று. கடிதத்தை லைனிங் துணிக்கு அடியில் சொருகிவிட்டு எழுந்தேன், கொஞ்ச நேரத்தில் அப்பா உள்ளே வந்தார், ஒரு லாட்ஜுக்குப் போக வேண்டிய வெயில் மறைக்கிற துணியை எடுக்க, அந்தச் சுருள் என்ன கனம் இருக்கும் என்று உனக்குத் தெரியும். இருங்கள் நாங்கள் பிடிக்கிறோம் என்று சொல்லி முடிப்பதற்குள் தனியாகத் தூக்கிவிட்டார். தூக்கியவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியது. தையல்காரர் மெஷினை விட்டுவிட்டு ஓடிவந்தார், இருவருமாகத் துணி வெட்டுகிற மேஜையில் படுக்கவைத்தோம். படுத்தால் உள்ளே போகிற வீக்கம் போகவில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிட ஃபோனைக் கொடுங்கள் என்று கை நீட்டினேன், அந்த நிலைமையிலும் பையைப் பொத்திக்கொண்டு, 'ரெண்டு நிமிஷம், ஒரு பார்ட்டி கூப்பிடறேன்னாங்க' என்கிறார். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். 'எதுக்காக இப்படி உயிர விடறீங்க, அந்த மொத எடம் இல்லவே இல்ல, உங்க ஃபோன்லயும் என் ஃபோன்லயும் தவிர இந்த ஊர்ல ஒருத்தர் ஃபோன்லயும் நாம இல்ல' என்று கத்திவிட்டேன். கத்தியபின் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் குழல்விளக்கைப் பார்த்துக்கொண்டே, 'தெரியும்' என்றார்.

போன மழைக்காலத்திலேயே தெரியுமாம். அளவெடுக்கப் போன ஒரு வீட்டில் அவர்கள் கம்ப்யூட்டரில் பெருமையாகப் போட்டுக் காட்டப் போய், தேடித் தேடிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு நெட் சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தாராம். ஸ்கேன் சென்டர் பெண் முகத்தைப் பார்த்தபோதே நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்றும் தெரிந்துவிட்டதாம். தெரிந்தும் ஏன் இந்தக் கூத்து என்று கேட்டேன். மூச்சை அடக்கி அடக்கிச் சொன்னார், அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'முன்னெல்லாம் கூப்பிட்டா, நல்லாருக்கீங்களாப்பான்னு கேப்பான், நல்லாருக்கேன்பேன், அம்மாகிட்ட குடுங்கன்னுவான், அவ்ளோதான். இது வந்தப்பறம்தான் என்கிட்ட பேசறான், ஃபோன் சூடாகற வரைக்கும் பேசறான், நான் சொல்றதுக்குச் சிரிக்கறான். மொத எடம் இல்லன்னு ஆயிட்டா அவன் என்கிட்ட என்னத்தப் பேசுவான். ஒரு மாசம் படுத்துட்டா நான் அவன்கிட்ட என்னத்தச் சொல்லுவேன்.' கண்ணா, நான் முந்தானையால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்தேன். தையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷினுக்கு எண்ணெய் போட ஆரம்பித்தார். மல்லாந்து படுத்திருந்ததில் மெதுவாக வீக்கம் அடங்கியது. சாயங்காலம் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன், நன்றாகத் திட்டினாள், அடுத்த வாரத்தில் இடம் வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை காலைக்குள் சம்மதம் சொல்லுங்கள், அடுத்த தடவை இது தானாக உள்ளே போகும் என்று நினைக்காதீர்கள் என்றாள். இவர் அவளிடமும், 'ஞாயித்துக்கெழம என் பையன்கிட்ட பேசிட்டு சொல்றேன்' என்றார். உன்னிடம் ஆபரேஷனைப் பற்றிப் பேச இல்லை, ஒரு ஞாயிறும் தவறக் கூடாது என்பதற்காக. வீட்டுக்கு வரும் வழியில் உன்னிடம் எதையும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். செய்துகொடுத்தேன், இதோ உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ராத்திரி படுத்து யோசிக்கும்போதுதான் அந்த ஸ்கேன் சென்டர் பெண் சொன்ன இன்னொரு வார்த்தை உறைத்தது, உண்மையான இடம் சைட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தெரியும் என்றாளே. அப்படியானால் உனக்கும் தெரியும். அவர் அசையவில்லை என்று சொல்லும்போதெல்லாம் நீ அங்கே சரியான இடத்தைப் பார்த்துக்கொண்டேதான் 'சூப்பர்ப்பா' என்று சொல்லியிருக்கிறாய். ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போவதில்லை. அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நானும் கேட்டிருக்கிறேன், நானும்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆகமொத்தம் மூன்று பேரும் தெரிந்துகொண்டே ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி நடித்து, அந்த மனிதரை ஏணியின் உச்சியில் நிறுத்தி வைத்திருக்கிறோம். அவரால் தானாக இறங்க முடியாது, நான் இறக்கினால் இறங்க மாட்டார்.

அதனால் இந்த ஞாயிறு நீ அந்த இடத்தைப் பற்றிப் பேசாதே. நட்சத்திரம் வேண்டாம், போட்டோ வேண்டாம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது வேண்டவே வேண்டாம். அவர் 'மொத எடம்தான்டா' என்று ஆரம்பித்தால், அது கிடக்கட்டும்ப்பா, உங்கள் வயிறு எப்படி இருக்கிறது என்று கேள். நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிடு, என் மேல் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பழக்கம் உண்டு. நீ கேட்டதும் அந்தப் பக்கம் சத்தமே வராது. உனக்கும் என்ன சொல்வதென்று தெரியாமல் வியர்க்கும். பயந்துகொண்டு வைத்துவிடாதே. உங்கள் இருவருக்கும் நடுவில் இத்தனை வருஷமாகத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தவள் நான், அந்த மௌனம் எனக்கு நன்றாகத் தெரியும், அது கோபம் இல்லை, அவருக்கு வார்த்தை வர நேரமாகும், அவ்வளவுதான். பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, ஃபோன் சூடாகிறவரை இருவரும் சும்மாவாவது இருங்கள்.

மருமகள் இரவு வேலைக்குப் போகிறாளாமே, நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும், அவள் எழுந்து வரும்போது அடுப்படியில் ஏதாவது சூடாக இருக்கட்டும். உன் முதுகுவலிக்கு நல்ல நாற்காலி வாங்கு என்று போன தடவையே சொன்னேன், வாங்கியிருக்க மாட்டாய். இருவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவர் மனசை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டு, குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். தையல்காரர் இன்று சாயங்காலம் இதைக் கூரியரில் சேர்த்துவிடுவார், சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடுமாம். கிடைத்தது என்று எனக்குச் செய்தி அனுப்பிவைக்காதே, யார் படிப்பார் என்று உனக்குத் தெரியும். ஞாயிறு நீ கூப்பிடுவதுதான் எனக்குப் பதில், திங்கட்கிழமை காலையை மறந்துவிடாதே.

ஒன்று மட்டும். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டு அவர் வழக்கம்போல, 'இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்' என்பார். நான் வாங்க மாட்டேன்.

உன்மேல் நம்பிக்கை வைத்து,
அம்மா